ராணியை வெட்டாதீங்க

“தோத்துடுங்க. பேசாம தோத்துட்டு வாங்க,” என்றாள் ரேவதி, ஓனருக்கான காபியைக் கணவன் கையில் திணித்தபடி.

வாசலில் வீட்டு ஓனர் கிருஷ்ணப்பன் செஸ் போர்டை விரித்துக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளி ரோட்டில் இருந்த ரோஜாத் தோட்டத்தை அழித்துப் பத்து லைன் வீடு கட்டிய மனிதர். ஞாயிறானால் போர்டோடு ஏதாவது ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். இன்று ஜெகதீஷ் மாட்டிக்கொண்டான்.

“காலேஜ் டீம்ல ஆடினவன் நானு. வேணும்னே தோக்கணுமா?”

“மூணாம் நம்பர் மாதேஷ் என்ன ஆனான்? இவரோட ஆடினான், அடுத்த வாரமே சட்டி பானையோட டெம்போ ஏறினான். ஓனரையே ஜெயிச்சா விடுவாரா, துரத்திட்டாருன்னு லைனே பேசுது. பாப்பாவுக்கு இப்பதான் எதிர்த்த ஸ்கூல்ல சீட் கெடச்சிருக்கு. உங்க கம்பெனி பஸ்ஸும் இங்கயே நிக்குது. அப்புறம் உங்க இஷ்டம்.”

லைனே பேசியது உண்மைதான். தண்ணீர் வரும்வரை குடத்தோடு நிற்கிறவர்களுக்கு வேறென்ன வேலை?

“தம்பி, ஆடிப் பாத்துட்டு நீயே சொல்லணும்,” என்றார் கிருஷ்ணப்பன். “நான் இன்னும் கத்துக்குட்டிதானா, இல்ல கொஞ்சம் தேறிட்டனா? ஒளிக்கக் கூடாது.”

ஜெகதீஷுக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

ஆறாவது நகர்விலேயே அவர் தன் ராணியைக் கொண்டுவந்து இவன் குதிரையின் வாயில் வைத்தார். வெட்டினால் ஆட்டம் முடிந்தது. வீடும் முடிந்தது. ஜெகதீஷ் ஓரத்தில் கிடந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

“என்னப்பா, அதைப் பாக்கலயா?”

“எதைண்ணா?”

அடுத்து ஒரு யானை வந்து நின்றது. இவன் இன்னொரு சிப்பாயைத் தள்ளினான். ஜன்னலுக்குப் பின்னால் ரேவதி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் தாங்காது என்று ஜெகதீஷ் தன் ராஜாவைப் படுக்க வைத்தான்.

“தோத்துட்டேண்ணா. நீங்களா கத்துக்குட்டி? சாம்பியன்ணா நீங்க!”

கிருஷ்ணப்பனின் முகம் தொங்கிப்போனது. காபியைத் தொடாமலே போர்டை மடக்கிக்கொண்டு நடந்தார்.

“என்னங்க, கோவிச்சுக்கிட்டுப் போறாரே! நடிச்சது தெரிஞ்சுபோச்சா?” ரேவதி வாசலுக்கு ஓடி வந்தாள்.

தெருக்கோடியில் தன் வீட்டு கேட்டைத் திறந்தவரை, மனைவி சரோஜம்மாள் படியிலேயே மடக்கினாள். “இன்னைக்காவது தோத்தீங்களா?”

“எங்க! ராணியைத் தூக்கி வாயில வச்சாலும் வெட்டத் தெரியல அந்தப் பையனுக்கு,” என்று உட்கார்ந்துவிட்டார் கிருஷ்ணப்பன். “என்கிட்டத் தோத்த ரோஷத்துல மாதேஷ் காலி பண்ணிட்டுப் போன மாதிரி, இந்த நல்ல குடித்தனமும் போயிருமோன்னு பயமா இருக்குது சரோஜா.”