வைக்கோல் போரடியில் கடலை

"அதுக்குப் பேருதாம்மா கடல," என்றாள் இலக்கியா.

கண்ணகி வைக்கோல் போர் பக்கம் எட்டிப் பார்த்தாள். மகன் அறிவுச்செல்வன் காதில் போனை வைத்துக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக, பொழுது சாய்ந்தால் இதே கூத்து.

"கடலன்னா இன்னாடி?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு மணிநேரம் பேசறது. சாப்டியா, இன்னா கொழம்பு, இன்னா கலர் டிரெஸ்ஸு, அவ்ளோதான். பசங்க பசங்ககிட்ட பேசினா மொக்க. பொண்ணுகிட்ட பேசினாதான் கடல."

"புருசன் பொண்டாட்டி பேசிக்கினா?"

"அது சண்ட."

கண்ணகிக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எலவனாசூர்கோட்டை அண்ணன் மகள் மலர்விழிக்கு இவனைப் பேசி முடித்து, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மலர்விழியிடம் போனும் கிடையாது. இந்த நேரத்தில் எவளோ ஒருத்தி குறுக்கே வந்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

புருஷனிடம் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன வாரம் விருந்தாளிகள் எதிரில் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார் சுப்புராயன். "அப்போ ஓட்டல்ல போய்த் தின்னுங்க," என்றாள் இவள். கரும்புக்குக் காட்டுப்பன்றிக் காவல் என்று ரோஷமாக வயல்காட்டுக் கொட்டகைக்குப் போன மனுஷன் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

பூனை மாதிரி நடந்து வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சாப்டியா? ஏன் சாப்டல? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கொஞ்சினான் அறிவு. "ஆமா, பச்ச பொடவ. பூவு வேற. சூப்பரா இருக்குது. கோவமெல்லாம் போவப் போவ சரியாயிடும்."

பெற்றவளை ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பானா இவன்? கண்ணகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, வேணாம்மா, குடு," என்று கெஞ்சினான்.

"தள்றா. அவள நான் கேட்டுக்கறேன்."

ஊரிலுள்ள வசவையெல்லாம் நாக்கு நுனியில் அடுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றது கரகரத்த ஆண் குரல். "அந்தப் பச்ச பொடவ நான் தீவாளிக்கு எடுத்துக் குடுத்ததா? கொழம்பு இன்னா வச்சான்னு சொல்லவேயில்லையே. ஓட்டல் சோறு எறங்கலடா."

கண்ணகி குனிந்து தன் பச்சைப் புடவையைப் பார்த்தாள். தலைப்பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் கழித்து, காணாமல் போன அம்மாவைத் தேடி வைக்கோல் போருக்கு வந்தாள் இலக்கியா.

"யாருகிட்டம்மா பேசிக்கினு இருக்க?"

"கருவாட்டுக் கொழம்புங்க, கத்திரிக்கா போட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்த கண்ணகி, போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளை முறைத்தாள்.

"போடி அந்தாண்ட. கடல போட்டுக்கினு இருக்கேன்."