இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்

கார் கொட்டகையில் அண்ணி, மெக்கானிக், வாங்க வந்தவர், நான் என நான்கு பேர் இருந்தோம். அண்ணன் பதினோரு வருடம் வேகமாக ஓட்டிய சிவப்பு ஹேட்ச்பேக் அது. ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. போன மாதம் நின்றது அண்ணனின் இதயம்தான். விற்கச் சொல்லி அண்ணியை நச்சரித்தவன் நான்.

போன ஞாயிறு மெக்கானிக் சர்வீஸ் முடித்து, மீட்டர் எண்ணைக் கதவோரச் சீட்டில் எழுதிவிட்டு, ஒரே சாவியையும் எடுத்துப் போனார். இன்று மீட்டரில் இருநூற்றுப் பத்து கூடியிருந்தது.

“ஊர் சுத்துனியாப்பா?” என்றார் வந்தவர், மெக்கானிக்கிடம்.

“சத்தியமா இல்லைங்க. சாவி என் வீட்டு பீரோவுலதான் கிடந்துச்சு.”

அண்ணி விரல்விட்டு எண்ணினாள். “அவர் ஆபீஸ் போயிட்டு வந்தா நாப்பத்திரண்டு. அஞ்சு நாள் போயிருக்கார். நேத்தும் இன்னிக்கும் லீவு.”



“வண்டி விக்கலைங்க” என்றாள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அது தானாகப் பூட்டிக்கொண்டது.