தனித் தட்டு

"அந்தத் தட்டைத் தொடாதேடி." ஷோபனா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

தங்கை பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாரும்மா இவள. தனித் தட்டு, தனிச் சோப்பு, தனித் துண்டு. பெரிய மகாராணி."

"பத்து வயசுல இவ்வளவு பொறாமையா?" என்றாள் அம்மா ஜெயராணி. "உடம்புக்கு முடியாத புள்ளகூடவா போட்டி போடுவ?"

என்ன முடியல? கழுத்திலும் கையிலும் கொஞ்சம் வெண்புள்ளி. வலியா, காய்ச்சலா, ஒன்றும் கிடையாது. ஆனால் அதைச் சாக்கு வைத்துத்தான் அக்கா மாசாமாசம் பாராடாங் தீவிலிருந்து அப்பாவோடு போர்ட் பிளேயர் போகிறாள். ஃபெர்ரி, காட்டு வழியே பஸ், ஆஸ்பத்திரி முடிந்ததும் மசால் தோசை. பானுவுக்கு வீட்டில் அதே மீன் குழம்பு.

அக்கா துணியைக்கூட அம்மா தனி பால்டியில் ஊறவைத்து அலசுகிறாள். பானுவின் பாவாடைக்கு என்றைக்கு அந்த மரியாதை கிடைத்தது?

இன்றைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்கள். சட்டையில் தோசை வாசனை வேறு.

பானு நேராகக் கொடிக்குப் போனாள். அக்காவின் துண்டை எடுத்து முகம், கழுத்து, கை எல்லாம் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"எனக்கும் வரட்டும். நானும் போர்ட் பிளேயர் போறேன்."

ஷோபனா பார்த்துவிட்டாள். துண்டைப் பறித்து எறிந்து, தங்கையைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளே அழுதாள்.

"உனக்கு வரக் கூடாதுன்னுதானேடி எதையும் தொட விடல. ஸ்கூல்ல ஒருத்தியும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறா. அது உனக்கு வேணாம்."



சத்தம் கேட்டு அப்பா சுரேந்திரன் ஓடி வந்தார்.

"டாக்டர் இன்னிக்கும் உங்கிட்ட சொன்னாரேம்மா. நிறம் குடுக்கிற அணுக்கள உடம்பே அழிச்சுக்குது, அதான் வெளுக்குது. தொட்டா ஒட்டாது. மருந்து போட்டுக்கிட்டு வந்தா கொஞ்சம் கொஞ்சமா நிறம் திரும்பலாம்."

"நானும் எத்தன தடவ சொல்லியிருப்பேன்," என்று ஜெயராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒட்டாதுடி, பைத்தியமே."

ஷோபனா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏம்மா என் துணிக்கு மட்டும் தனி பால்டி?"