அந்தக் கம்பம் வரைக்கும்

"நிக்காதே! நட! அந்தக் கம்பம் வரைக்கும் போய்த்தான் நிக்கணும்."

காலை ஆறரை மணிக்கே, மனைவியை விரட்டும் லாரி டிரைவரின் குரல் தெருவை எழுப்பிவிட்டது.

"மூச்சு வாங்குதுங்க..."

"வாங்கட்டும். ஒரே மாசத்துல மூணு கிலோ! லோடு ஏத்தின மாதிரி ஏத்தி வெச்சிருக்கே. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில நீ ஏறி நின்னா எடை மெஷின் முள்ளு உடையப்போகுது."

தெருவோரக் கடையில் தையல்காரி தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

மார்பில் புற்றுநோய் என்று அந்த அக்காவுக்கு ஒரு பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றுவதெல்லாம் முடிந்து, இப்போதுதான் தலையில் அரை விரல் முடி முளைத்திருக்கிறது. உடம்பு ஊதித்தான் போயிற்று. மேல்சட்டையை இவளே இரண்டு தடவை பிரித்துவிட்டாள். இனிமேல் பிரிக்க உள்ளே துணி இல்லை. அதற்காக இப்படியா, நடுத்தெருவில்?

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னே போய்விட்டாள்.

தையல்காரி இறங்கி வந்து, பின்னால் வந்த டிரைவரை மறித்தாள்.

"ஏண்ணே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? செத்துப் பிழைச்சு வந்தவங்க..."

"மெதுவா பேசும்மா." மனைவி தூரத்தில் போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெரிய குரல் எங்கோ போய்விட்டது. "எடை இப்படியே ஏறினா வியாதி திரும்பி வர்ற பயம் ஜாஸ்தின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அதைப் பக்குவமா சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா? 'வாம்மா கண்ணு, நாலு எட்டு நடக்கலாம்'னு கூப்பிட்டா, அங்கேயே உட்கார்ந்து, 'நான் போயிட்டா உங்களுக்கு யாரு'ன்னு அழறா. திட்டினா, என்மேல இருக்கற ஆத்திரத்துல ரெண்டு தெரு சேர்த்து நடந்துடறா." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னை வெறுத்துட்டுப் போகட்டும்மா. இருந்தா போதும்."

தையல்காரி வழிவிட்டு ஒதுங்கினாள். 'கடவுளே, வியாழக்கிழமை நல்ல சேதியா வரட்டும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் அக்கா முன்னால் வந்துவிட்டாள். கடை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். அவர் இன்னும் தெருமுனை திரும்பவில்லை.

"அக்கா, அண்ணன் பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க. அவர் வந்து..."

"ஏன் திட்டறார்னு எனக்குத் தெரியாதாடி?" அக்கா சிரித்தாள். "முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஹாரனைக்கூட அழுத்தி அடிக்க மனசு வராத மனுஷன் அது."

"அப்புறம் ஏங்க்கா தினமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போறீங்க?"

தெருமுனையிலிருந்து குரல் வந்தது. "அங்க என்ன அரட்டை? நட!"

அக்கா சட்டென்று சிரிப்பை விழுங்கி, முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டாள்.

"நான் சிரிச்சுட்டா, அவர் அழுதுடுவாருடி."