குளுகுளு லாட்ஜ்

முதலையின் வாயைக் ‘குளுகுளு லாட்ஜ்’ என்று விளம்பரம் செய்து, பத்து வருஷமாக ஆடுகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த நரிக்குத் திடீரென்று தொழில் படுத்துவிட்டது. ஒரு ஆடுகூட எட்டிப் பார்க்கவில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆடாவது வரணும். இல்லேன்னா நீதான்” என்றது முதலை.

நரி பயந்துபோய்க் கொக்கிடம் மூன்று நாள் பயிற்சிக்குப் போனது.

“விக்கிற சரக்கை முதல்ல நீ நம்பணும் தம்பி” என்றது கொக்கு, மீனை விழுங்கிக்கொண்டே.

நரியும் நம்பித் தொலைத்தது. திரும்பி வந்து ஆடுகளிடம் பேசியது பாருங்கள், பேசப் பேச அதற்கே கண் கலங்கிவிட்டது. “இத்தனை வருஷத்துல நான் ஒரு நாள்கூட இங்கே தங்கலையே” என்று முதல் ஆளாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

முதலை வாயை மூடியது.

“பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ரூம் எப்படின்னு வெளியே வந்து சொல்லட்டும்” என்றது ஒரு கிடா, புல்லை மென்றபடி.