லைன் கட்

“தண்ணி லாரி கிடக்கட்டும் தேவானை. முதல்ல லைனைக் கட் பண்ணு!”

மொட்டைமாடி லிஃப்ட் ரூமில் நின்றபடி ஃபோனில் கத்தினார் சாய்நாத். கீழே செக்யூரிட்டி வேலை பார்க்கும் தேவானை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “எதிர்த்துப் பேசாதே, சொன்னதைச் செய்!” என்றார். அடுத்த நொடியே எதிர்முனை அடங்கிவிட்டது.

அந்த அடையாறு அபார்ட்மெண்டின் அசோசியேஷன் செக்ரட்டரி அவர். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் குடையை மடக்குவதே இல்லை. சாயங்காலம் மறுபடி தேர்தல், அதற்குள் லிஃப்ட் ஓடியாக வேண்டும். கீழே மெயினை அணைத்தால்தான் கை வைப்பேன் என்று மெக்கானிக் ஷரீஃப் சொல்லியிருந்தான்.

“ம், கட் பண்ணியாச்சு. வேலையைப் பாரு.”

“டெஸ்டர் கீழ வண்டில கீது சார். எடுத்தாந்து ஒரு தபா பாத்துட்டுத் தொடறேன்.”

“ஆறு மாடி இறங்கி, டீ குடிச்சிட்டு, ஆடி அசைஞ்சு வருவே. நான் காத்துக்கிட்டு நிக்கணும்?”

“கரண்ட் இல்லன்னு செக் பண்ணாம தொடக்கூடாது சார். கம்பெனி ரூல்.”

“ரூலாம் ரூல்! தொடை நடுங்கிக்கெல்லாம் எதுக்குய்யா கரண்ட் வேலை?” லிஃப்டின் கரண்ட் பெட்டியைக் காட்டினார் சாய்நாத். “சிவப்பு லைட்டே எரியல. கண்ணு அவிஞ்சு போச்சா?”

“அது போன வருசமே புட்டுக்கிச்சு சார்.”

சாய்நாத்துக்குக் கோபம் ஏறியது. “உங்க ஆபீஸுக்கு இப்பவே பேசறேன். இந்தப் பயந்தாங்கொள்ளி வேணாம், வேற ஆளை அனுப்புங்கன்னு சொல்றேன்” என்று மறுபடி ஃபோனை எடுத்தார்.

ஷரீஃப் மேல் ஏற்கெனவே ஒரு புகார் நிலுவையில் இருந்தது. இன்னொன்று போனால் வேலை போய்விடும். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். முணுமுணுவென்று துஆ ஓதிக்கொண்டே பெட்டிக்குள் கையை நீட்டினான். அதைப் பார்த்துச் சாய்நாத் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றாள் தேவானை.

“வாம்மா வா! இந்த மாவீரனுக்கு நீயே உன் வாயால சொல்லு. லைனைக் கட் பண்ணியா இல்லியா?”

“பண்ட்டேன் சார்.”

“கேட்டுக்கிட்டியா?” என்றார் சாய்நாத்.

ஷரீஃப் பெருமூச்சு விட்டான். அவன் விரல் கம்பியை நெருங்கியது.

“நீங்க கத்துன ஒடனே ஃபோனை வெச்சுட்டேனே சார்!”