கேட்கும் அளவு

கார் முதிர்ந்த மாலையில் வானம் கடல்மேல் தாழ்ந்து, நடை சாத்திய கருவறைபோல் இருண்டிருந்தது. கரையோர அலைபேசிக் கோபுரத்தைப் பராமரிக்கும் பூங்கோதை, அதன் அடியிலிருந்த அறையில் தனித்திருந்தாள். புயலில் சிக்கிய படகிலிருந்து தம்பி சேந்தன் காணொளி அழைப்பில் பேசினான். தனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறதென்று அவனது கைபேசி நொடிதோறும் கோபுரத்துக்கு உணர்த்த, கோபுரமும் அதற்கேற்ப அனுப்புவதைக் குறைத்து, மெதுவாக்கியது. முதலில் முகங்கள் மறைந்தன.

“படம் போயிடுச்சுக்கா. நல்லவேளை, உன் அழுமூஞ்சியப் பாக்க வேணாம்.”

“வாயடிக்காதடா. தெக்க மணல்திட்டு இருக்கு, படகு ஒடஞ்சிடும். கலங்கரை வெளக்கத்துக்கு வடக்கால வா.”

“எந்தப் பக்கம்? பாதிதான் கேக்குது.”

அறையிலிருந்த கோபுரக் கருவியின் திரையில் அவன் கேட்கும் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அவளும் சொற்களைக் குறைத்தாள். “வடக்க வா.” பின்னர் “வடக்க” என்று மட்டும், ஒவ்வோர் எழுத்தையும் நீட்டி. பிறகு திரையில் அந்த அளவு வருவதும் நின்றது. ஆயினும் நாமம் சொல்வதுபோல் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூந்தலிலிருந்த பூவை எடுத்துக் கருவியின் அடியில் வைத்துக் கும்பிட்டாள். பிறகு, ‘வடக்க’ என்ற அந்த ஒரு சொல்லின் வழியை அடைத்துவிடாதபடி கைபேசியைச் சற்றே விலக்கி, “நல்லபடியா வந்து சேரு, சாமி” என்றாள்.